அறுபத்துநான்கு கட்டமும் ஆறு வயதுக் கண்ணும்

கொட்டாஞ்சேனையில் அக்காவின் வீடு மூன்றாம் மாடியில். ஞாயிற்றுக்கிழமைக் காலையில் புனித லூசியா பேராலயத்து மணி ஒரு பக்கம், கீழே ஒழுங்கையில் மீன்காரரின் குரல் மறுபக்கம். இரண்டுக்கும் நடுவே ஹோலில் பாயை விரித்து, ஆறு வயது மருமகளுக்குச் செஸ் சொல்லிக்கொடுக்க இருந்தேன். வெள்ளவத்தையிலிருந்து பஸ்ஸில் வரும்போதே பாடத்தை மனதுக்குள் அடுக்கிக்கொண்டு வந்திருந்தேன். ராஜா ஒரு கட்டம், ராணி எட்டுத் திசையும், யானை நேரே, மந்திரி மூலைவாட்டில், குதிரை தாவும், சிப்பாய் முன்னுக்கு மட்டும். பிறகு கோட்டை கட்டுவது, பிறகு செக், பிறகு செக்மேட். அரை மணித்தியாலம் சொன்னேன். நன்றாகத்தான் சொன்னேன் என்று நினைத்தேன்.

"விளங்கினதா பிள்ளை?"

"ஓம் மாமா."

சொல்லிவிட்டு அவள் கறுப்புக் குதிரை ஒன்றையும் வெள்ளைக் குதிரை ஒன்றையும் எடுத்தாள். பாயின் ஓரத்தில் இரண்டையும் வைத்து ஓடவிட்டாள். வெள்ளை வென்றது. அன்றைய பாடம் அத்தோடு முடிந்தது.

பிழை என்னுடையது. ஆறு வகைக் காய், ஆறு வகை நடை, அதற்குமேல் விதிவிலக்குகள் என்று வளர்ந்த ஒருவருக்குச் சொல்லும் ஒழுங்கிலேயே கொட்டியிருந்தேன். புதிதாகக் கேட்பதை மனதில் ஏந்தி, அங்கேயே புரட்டிப் பார்ப்பதற்கு நமக்கு ஒரு சின்ன மேசைதான் உண்டு. உளவியலாளர் அதைச் செயல்நினைவு என்பார்கள். ஆறு வயதில் அந்த மேசை இன்னும் சின்னது. ஏழாவது சாமானை வைக்க முதலாவது கீழே விழும். அவள் "ஓம்" என்றது மரியாதைக்கு.

அடுத்த ஞாயிறு சிப்பாய்களை மட்டும் எடுத்தேன். எட்டுக்கு எட்டு. ராஜா இல்லை, ராணி இல்லை. எவருடைய சிப்பாய் முதலில் அடுத்த கரையைத் தொடுகிறதோ அவருக்கு வெற்றி. இது என் கண்டுபிடிப்பு இல்லை. பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் பயிற்சியாளர்கள் பல நாட்டிலும் இப்படித்தான் தொடங்குகிறார்கள். ஆனால் பெட்டியைத் திறந்தால் கறுப்பில் ஏழு சிப்பாய்தான் இருந்தது.

அந்தப் பெட்டிக்கு ஒரு கதை உண்டு. 2022 ஜூலை 28ஆம் திகதி மாமல்லபுரத்தில் 44ஆவது சதுரங்க ஒலிம்பியாட் தொடங்கியபோது, இங்கே நாங்கள் பெற்றோல் வரிசையில் நின்றோம். பள்ளிக்கூடங்கள் மூடுவதும் திறப்பதுமாக இருந்தன. வீட்டில் அடைபட்டுக் கிடந்த மூத்த மருமகனுக்காக அக்கா புறக்கோட்டையில் வாங்கிய பிளாஸ்டிக் செட் அது. அவன் ஒரு வருடம் விளையாடினான், பிறகு கிரிக்கெட்டுக்குப் போய்விட்டான். சிப்பாய் ஒன்று எந்தக் கட்டிலுக்கடியில் போனதோ.

நான் கரம் பெட்டியிலிருந்து ஒரு கறுப்புக் காயை எடுத்து வைத்தேன். அவள் ஒரு கணம் பார்த்தாள். "இதுவும் சிப்பாயோ?" "ஓம்." "சரி." அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தத் தட்டைக் காயை அவள் மற்றச் சிப்பாய்களைப் போலவே நகர்த்தினாள், வெட்டக் கொடுத்தாள், காப்பாற்றினாள்.

இதில் ஒரு பெரிய விஷயம் ஒளிந்திருக்கிறது. சுவிட்சர்லாந்து மொழியியலாளர் ஃபெர்டினாண்ட் டி சொஸ்யூர் தன் மாணவர்களுக்கு மொழியை விளக்கச் செஸ்ஸைத்தான் உதாரணம் காட்டினார். அந்த விரிவுரைகள் அவர் இறந்தபின் 1916இல் நூலாக வந்தன. ஒரு குதிரை தொலைந்தால் அந்த இடத்தில் எதை வைத்தாலும் சரி, அதற்கு அதே மதிப்பைக் கொடுத்துவிட்டால் அது குதிரைதான் என்றார். சொல்லும் அப்படித்தான், அதன் ஒலியோ வடிவமோ அதற்குப் பொருள் தருவதில்லை, மற்றச் சொற்களோடு அது நிற்கும் நிலைதான் தருகிறது என்பது அவர் வாதம். பல்கலைக்கழகத்தில் இதை விளங்கிக்கொள்ள எனக்கு ஒரு தவணை போனது. கொட்டாஞ்சேனையில் ஒரு "சரி"யோடு முடிந்தது. போன கிழமை குதிரையைக் குதிரையாகவே ஓடவிட்டவள், இந்தக் கிழமை கரம் காயைச் சிப்பாயாக ஏற்றுக்கொண்டாள். இரண்டும் பாவனை விளையாட்டுத்தான். பிள்ளைகளுக்கு அது கைவந்த கலை. அதை விட்டுவிட்டு விதியை மட்டும் ஊட்டப் போனதில்தான் நான் சறுக்கினேன்.

சிப்பாய் விளையாட்டில் அவளுக்கு ஒரே ஒரு முறைப்பாடு. "நேரா போறது, ஏன் நேரா வெட்டேலாது?" நியாயமான கேள்வி. எனக்குத் தெரிந்த ஒரே பதில், முன்னோர் அப்படி வைத்தார்கள் என்பதுதான். ஆனால் முன்னோரும் ஒரே மாதிரி வைக்கவில்லை. ஏறக்குறைய ஆறாம் நூற்றாண்டில் வட இந்தியாவில் ஆடப்பட்ட சதுரங்கத்தில் தேர், யானை, குதிரை, காலாள் என்ற நான்கு படையும் இருந்தன. ராஜாவுக்குப் பக்கத்தில் நின்றது ராணி அல்ல, மந்திரி. அவரும் மூலைவாட்டில் ஒரேயொரு கட்டம் நகரும் ஏழைக் காய். ஐரோப்பாவுக்குப் போய், 15ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் அந்த இடத்துக்கு வந்த ராணிக்கு இன்றைய வேகம் கிடைத்தது. யானையின் கதை இன்னும் குழப்பம். பழைய ஆட்டத்தில் அது இன்றைய மந்திரியின் இடத்தில் நின்றது. அரபியர் அதை 'அல்-ஃபீல்', அதாவது யானை, என்றார்கள். ஸ்பானிய மொழியில் இன்றும் அந்தக் காய்க்கு அதுதான் பெயர். மூலையில் நின்ற தேர் பாரசீகத்தில் 'ருக்' ஆகி, ஆங்கிலத்தில் 'ரூக்' ஆனது. நம் வீடுகளில் அதே மூலைக் காயை யானை என்கிறோம். மருமகனின் பள்ளிக்கூடத்தில் அது 'காசில்'. ஒரு வீட்டுக்குள்ளேயே அம்மம்மாவுக்கு யானை, பேரனுக்குக் கோட்டை. சொஸ்யூருக்குச் சந்தோஷமாக இருந்திருக்கும்.

மூன்றாம் கிழமை யானை. நான்காம் கிழமை யானையும் ராஜாவும். கியூபாவின் உலகச் சம்பியன் கப்பபிளாங்கா 1921இல் எழுதிய பாடநூல், எளிய செக்மேட்டுகளில்தான் தொடங்குகிறது. வெறும் பலகையில் ஒரு யானையும் ராஜாவும் தனி ராஜாவை எப்படி மடக்குவது என்று. தொடக்க ஆட்டத்தைப் பாடமாக்குவதைவிட முடிவைக் கண்ணால் பார்ப்பது பிள்ளைக்கு நல்லது என்று எனக்கும் படுகிறது. எங்கே போகிறோம் என்று தெரியாமல் எந்தப் பஸ்ஸில் ஏறுவது?

குதிரைக்கு ஒரு முழு ஞாயிறு கொடுத்தோம். அம்மம்மாவின் குசினியிலிருந்து ஒரு பிடி புளியங்கொட்டை வாங்கிவந்தேன். குதிரையைப் பலகையின் நடுவில் வைத்து, அது தாவக்கூடிய கட்டத்திலெல்லாம் ஒவ்வொரு கொட்டை வைக்கச் சொன்னேன். "ரெண்டு நேரா, ஒண்டு பக்கத்தால" என்று வாய்க்குள் சொல்லிச் சொல்லி வைத்தாள். எட்டுக் கொட்டை. வட்டமாக நின்றன. அவளுக்கே அது வடிவாக இருந்தது, கையைத் தட்டினாள். இப்போது மூலையில் வை என்றேன். வைத்தாள். இரண்டே கொட்டை. மறுபடி எண்ணினாள். "மிச்சம் எங்க?" என்று பலகைக்கு வெளியே பாயைப் பார்த்தாள். மிச்சம் ஆறும் அங்கேதான் விழுந்திருக்க வேண்டும், பலகை அங்கே இல்லை.

'குதிரையை ஓரத்தில் வைக்காதே' என்று செஸ் புத்தகங்கள் அறிவுரை சொல்லும். அறிவுரையாகக் கேட்டால் அது அறிவுரை. கொட்டையாக எண்ணினால் அது கணக்கு. வெறும் பலகையில் யானையை எங்கே வைத்தாலும் அதற்கு 14 கட்டம், மூலையானாலும் நடுவானாலும் ஒன்றுதான். மந்திரிக்கு ஓரத்தில் 7, நடுவில் 13. ராஜாவுக்கு மூலையில் 3, நடுவில் 8. யானை மட்டும் இடம் பாராத காய் என்பதை நானும் அன்றைக்குத்தான், கொட்டை வைத்துப் பார்த்தபோதுதான், உறைப்பாக உணர்ந்தேன். இவ்வளவு காலம் விளையாடியும்.

அதோடு நிற்கவில்லை. மூலையில் நிற்கும் குதிரைக்கு, மூலைவாட்டில் தொட்டுக்கொண்டிருக்கும் பக்கத்துக் கட்டத்துக்குப் போக எத்தனை தாவல் வேண்டும்? பக்கத்து வீடுதானே. நான்கு தாவல் வேண்டும். அவள் அதைக் கண்டுபிடிக்க இடியப்பம் ஆறிப்போனது. ஒவ்வொரு தாவலிலும் குதிரை வெள்ளைக் கட்டத்திலிருந்து கறுப்புக்கும் கறுப்பிலிருந்து வெள்ளைக்கும் மாறுகிறது என்பதைக் கவனித்தால், ஒற்றை எண்ணில் அங்கே போகவே முடியாது என்பது சொல்லாமலே விளங்கும். அந்த இடத்துக்கு அவள் இன்னும் வரவில்லை. வரட்டும். ஒன்பதாம் நூற்றாண்டில் காஷ்மீரப் புலவர் உருத்ரடர் அரைப் பலகையின் எல்லாக் கட்டத்தையும் குதிரை ஒவ்வொரு முறை தொட்டு வரும் வழியைச் செய்யுளுக்குள்ளேயே அடைத்து வைத்திருக்கிறார். புளியங்கொட்டையிலிருந்து அங்கே போக நாள் இருக்கிறது.

இனி, அவள் தலைக்குள் என்ன நடக்கிறது என்ற விஷயத்துக்கு வருவோம்.

செஸ்ஸில் வல்லவர் என்றால் பத்து, இருபது நகர்த்தலை முன்கூட்டியே போட்டுப் பார்ப்பவர் என்றுதான் ஊரில் எல்லோரும் நினைக்கிறோம். கணக்கைப் பார்த்தால் அந்த நினைப்பு தள்ளாடும். முதல் நகர்த்தலுக்கு வெள்ளைக்கு 20 வழி. கறுப்பும் ஒரு முறை நகர்ந்ததும் 400. வெள்ளையின் இரண்டாவது நகர்த்தலோடு 8,902. கறுப்பின் இரண்டாவதோடு 197,281. ஆளுக்கு இரண்டு தடவை கை வைத்ததற்கே ஏறக்குறைய இரண்டு இலட்சம். மனித மூளை இந்தக் காட்டுக்குள் ஒவ்வொரு மரமாக எண்ணிக்கொண்டு போக முடியாது. நெதர்லாந்து உளவியலாளர் அட்ரியான் டி குரூட் உலகத் தரமான ஆட்டக்காரர்களை உட்காரவைத்து, யோசிப்பதை வாய்விட்டுச் சொல்லச் சொல்லிக் கேட்டு, 1946இல் தன் ஆய்வை வெளியிட்டார். மகா வல்லவர்களும் சாதாரண நல்ல ஆட்டக்காரர்களும் முன்னோக்கிப் பார்க்கும் ஆழத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. வல்லவர் கண்ணில் நல்ல நகர்த்தல் முதலிலேயே பட்டுவிட்டது. மற்றவர் கண்ணில் படவேயில்லை.

1973இல் அமெரிக்காவில் வில்லியம் சேஸும் ஹெர்பர்ட் சைமனும் இதை இன்னும் நெருக்கிப் பிடித்தார்கள். உண்மையான ஆட்டமொன்றின் நடுநிலை, பலகையில் ஏறக்குறைய 25 காய். ஐந்து செக்கன் காட்டிவிட்டு மறைத்து, வெறும் பலகையில் அப்படியே அடுக்கச் சொன்னார்கள். தேர்ந்த ஆட்டக்காரர் சுமார் 16 காயைச் சரியாக வைத்தார். நடுத்தர ஆள் 8. புதியவர் 4. பிறகு அதே அளவு காய்களைக் கண்டபடி கொட்டி வைத்த பலகையைக் காட்டினார்கள். தேர்ந்தவரின் வித்தை மறைந்துபோனது. மூவரும் ஏறக்குறைய ஒரே நிலைக்கு வந்துவிட்டார்கள்.

இதை எனக்கு விளக்கியது புத்தகம் அல்ல, காலி வீதி. யாழ்ப்பாணத்திலிருந்து வெள்ளவத்தைக்கு வந்த புதிதில் 100 பாணந்துறைக்கு, 101 மொரட்டுவைக்கு என்று இலக்கத்தைப் பார்த்துத்தான் பஸ் ஏறுவேன். நெற்றிப் பலகையில் பெரிதாக இருந்த சிங்கள எழுத்து எனக்கு வளையமும் சுழியும். ஒரு பலகையைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய் எழுதச் சொல்லியிருந்தால் முதல் இரண்டு சுழியோடு கை நின்றிருக்கும். ஒன்றரை வருடம் கழித்து, நிற்காமல் போன பஸ்ஸின் பலகையைக் கண் தானாகவே வாசித்தது. என் பார்வை கூராகவில்லை, நினைவும் பெருக்கவில்லை. முன்பு இருபது சுழியாக இருந்தது இப்போது ஒரே ஊராக இருந்தது. ஊர்ப்பெயரின் எழுத்துகளைக் குலுக்கிப் போட்டு எழுதியிருந்தால் நான் திரும்பவும் சுழிக்காரன்தான்.

வல்லவரின் கண்ணுக்குப் பலகையும் அப்படித்தான். கோட்டை கட்டிய ராஜா, முன்னால் மூன்று சிப்பாய், பக்கத்தில் யானை என்பது நமக்கு ஐந்து காய், அவருக்கு ஒரு சொல். இப்படிப்பட்ட கொத்துகள் தேர்ந்த ஆட்டக்காரரிடம் பத்தாயிரத்துக்கும் ஒரு இலட்சத்துக்கும் இடையில் இருக்கும் என்று அக்காலத்தில் மதிப்பிட்டார்கள். மொழியொன்றை வாசிக்கத் தெரிந்தவருக்கு இருக்கும் சொல்வளம் போன்றது.

பிள்ளைகளைப் பற்றிய பரிசோதனைகளில் எனக்கு மிகவும் பிடித்தது மிஷலின் சீ 1978இல் வெளியிட்டது. செஸ் போட்டிகளுக்குப் போகும், சராசரியாகப் பத்தரை வயதுப் பிள்ளைகள் ஒரு பக்கம்; செஸ் அவ்வளவாகத் தெரியாத, படித்த பெரியவர்கள் மறுபக்கம். இலக்கங்களை வாசித்துத் திருப்பிச் சொல்லச் சொன்னால் பெரியவர்கள் சராசரி 7.8, பிள்ளைகள் 6.1. எதிர்பார்த்ததுதான். செஸ் நிலையைக் காட்டி அடுக்கச் சொன்னால் பிள்ளைகள் 9.3 காய், பெரியவர்கள் 5.9. நினைவாற்றல் என்ற ஒரே பாத்திரம் வயதோடு பெருக்கிறது என்ற எண்ணத்தில் இது ஓட்டை போட்டது. எதைப் பற்றி அறிந்திருக்கிறோமோ அதற்குத்தான் நினைவு. அதில் வயது குறைந்தவர் மூத்தவரை வென்றுவிடலாம்.

இந்த இடத்தில் வெள்ளவத்தையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் ஒழுங்கையில் மதிலுக்கு மதில் வகுப்பு அறிவித்தல்தான். கணிதம், ஆங்கிலம், ஐந்தாம் தரப் புலமைப்பரிசில், இப்போது இடையிடையே செஸ்ஸும். மேல்வீட்டு அக்கா ஒருநாள் லிஃப்டில் மறித்துக் கேட்டார்: "தம்பி, செஸ் பழக்கினால் பிள்ளைக்குக் கணக்கு ஓடுமாமே? ஸ்கொலஷிப்புக்கு உதவுமோ?"

அவருக்கு நான் சொன்ன பதில் பிடிக்கவில்லை. இங்கிலாந்தில் 100 ஆரம்பப் பாடசாலைகளில், 4,000க்கு மேற்பட்ட பிள்ளைகளை வைத்து இதைச் சோதித்தார்கள். ஒரு பகுதிப் பாடசாலைகளில் ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகளுக்கு 30 மணித்தியாலம் செஸ் சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு வருடம் கழித்துக் கணிதப் பரீட்சைப் புள்ளியைப் பார்த்தால் செஸ் படித்தவர்களுக்கும் படிக்காதவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. 2016இல் அறிக்கை வந்தது. அதே வருடம் ஜியோவானி சாலாவும் ஃபெர்னாண்ட் கோபெயும் அதுவரை வந்த 24 ஆய்வுகளைச் சேர்த்து அலசினார்கள். ஓரளவு நன்மை தெரிந்தது உண்மை. ஆனால் பெரும்பாலான ஆய்வுகளில் செஸ் படித்த பிள்ளைகளைப் புதிதாக எதுவும் செய்யாத பிள்ளைகளோடுதான் ஒப்பிட்டிருந்தார்கள். புதுச் சேர், புது விளையாட்டு, கவனிக்கும் ஆசிரியர் என்றால் எந்தப் பிள்ளையும் கொஞ்சம் உற்சாகமாகத்தான் இருக்கும். கோபெயே ஒரு சர்வதேச மாஸ்டர் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். விளையாட்டுக்குப் பாதகமாகப் பேச அவருக்குக் காரணம் இல்லை.

சேஸ், சைமன் கண்டதோடு இதைப் பொருத்திப் பார்த்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. பிள்ளை சேர்த்து வைத்திருப்பது செஸ் பலகைக் கொத்துகள். சிங்களப் பலகை வாசிக்கப் பழகியதால் எனக்கு அரபு வாசிக்க வந்துவிட்டதா? மேல்வீட்டு அக்காவிடம், விளையாட ஆசையென்றால் விடுங்கள், கணக்குக்கு என்றால் கணக்கையே செய்யவிடுங்கள் என்றேன். "அப்ப சும்மா விளையாட்டுத்தானோ" என்றார், ஏதோ நான் ஏமாற்றிவிட்டதுபோல. கரம் விளையாட விடும்போது எவரும் இப்படிக் கேட்பதில்லை.

மறுபக்கக் கேள்வியும் உண்டு. கெட்டிக்காரப் பிள்ளைக்குத்தான் செஸ் வருமா? மெரிம் பிலாலிச்சும் கூட்டாளிகளும் 2007இல் 57 சிறுவர்களை வைத்துப் பார்த்தார்கள். நுண்ணறிவுப் புள்ளி கூடியவர்கள் சற்று நன்றாக விளையாடினார்கள்தான். ஆனால் அதிகம் தீர்மானித்தது பயிற்சி. அதில் மிகச் சிறந்த 23 பிள்ளைகளைத் தனியே எடுத்துப் பார்த்தால் கதை தலைகீழ். நுண்ணறிவுப் புள்ளி குறைந்தவர்கள் கூடுதலாகப் பயிற்சி செய்து முன்னுக்கு நின்றார்கள். பயிற்சியும் எல்லோருக்கும் ஒரே கூலி கொடுப்பதில்லை. ஆர்ஜென்டீன ஆட்டக்காரர்களிடம் கேட்டபோது ஒருவர் ஏறக்குறைய 3,000 மணித்தியாலத்தில் மாஸ்டர் தரத்தைத் தொட்டிருந்தார், இன்னொருவருக்கு 23,000 தாண்டியது.

தோற்பதைப் பற்றி ஆராய்ச்சி என்ன சொன்னாலும், வீட்டில் அதை அழுகையாகத்தான் சந்திக்க வேண்டும். எட்டாவது கிழமை அண்ணன்காரன் அவளை நான்கே நகர்த்தலில் முடித்துவிட்டான். ராணியும் மந்திரியும் சேர்ந்து ராஜாவுக்குப் பக்கத்துச் சிப்பாயைத் தாக்கும் அந்தப் பழைய தந்திரம்தான். பலகை பறந்தது. கரம் காய் உருண்டு அலுமாரிக்கடியில் போனது. அம்மம்மா, "சின்னப்பிள்ளையோட வேணுமெண்டு தோத்தால் என்னடா" என்று அவனை ஏசினார்.

வேண்டுமென்று தோற்பதில் எனக்கு உடன்பாடில்லை. பிள்ளைகளுக்கு அது எப்படியோ தெரிந்துவிடும். அதைவிட, வல்லவர் தன் ராணியையோ யானைகளையோ முதலிலேயே எடுத்து வைத்துவிட்டு ஆடும் பழைய வழக்கம் நேர்மையானது. என்ன குறைத்தோம் என்பது பலகையிலேயே தெரியும். அண்ணன் ராணி இல்லாமல் ஆட ஒப்புக்கொண்டான், முகத்தைச் சுளித்துக்கொண்டு.

அந்தத் தோல்வியில் எனக்கு ஒன்று தெளிவானது. அவள் தன் நகர்த்தலை மட்டும்தான் பார்த்தாள். அண்ணனின் ராணி எதற்கு வெளியே வந்தது என்று அவளுக்குக் கேள்வியே எழவில்லை. 1983இல் விம்மர், பெர்னர் என்ற இருவர் செய்த சோதனையை உளவியல் படித்தவர்கள் எல்லோரும் அறிவார்கள். மக்சி என்ற பையன் சொக்லேட்டை ஒரு அலுமாரியில் வைத்துவிட்டு வெளியே போகிறான். அம்மா அதை வேறொன்றுக்கு மாற்றிவிடுகிறா. திரும்பி வரும் மக்சி எங்கே தேடுவான்? மூன்று வயதுப் பிள்ளை, சொக்லேட் இப்போது இருக்கும் இடத்தைக் காட்டும். மற்றவன் தலைக்குள் வேறொரு படம் இருக்கலாம் என்பது நான்கு வயதைத் தாண்டித்தான் மெல்ல விளங்குகிறது. ஆறு வயதில் அந்த அறிவு உண்டு, ஆனால் ஆட்டச் சூட்டில் அது கைக்கு வருவதில்லை. அதனால் ஒரு பழக்கம் வைத்தோம். எதிராளி நகர்த்தியதும் கையை மடியில் வைத்துக்கொண்டு, "அண்ணா என்ன செய்யப் பாக்கிறான்?" என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். முதலில் மந்திரம்போல் சொன்னாள். மூன்றாவது ஞாயிறு, சொல்லிக்கொண்டிருக்கும்போதே நிறுத்தி, "அவன் என்ர குதிரையை வெட்டப் பாக்கிறான்!" என்று கத்தினாள். அண்ணனுக்குத்தான் பிடிக்கவில்லை.

பெரிய ஆட்டக்காரர்களின் தொடக்கக் கதைகளை நான் இப்போது வேறு கண்ணோடு வாசிக்கிறேன். ஆனந்துக்கு ஆறு வயதில் சொல்லிக்கொடுத்தது அம்மா. சென்னையில் வைஷாலியைச் செஸ் வகுப்பில் விட்டது தொலைக்காட்சியிலிருந்து பிரிக்க. தம்பி பிரக்ஞானந்தா அக்காவைப் பார்த்துப் பழகினான். புடாபெஸ்ட்டில் சூசன் போல்கர் நான்கு வயது நிரம்பமுதல் அலுமாரியில் கண்டெடுத்த செஸ் காய்களைப் பொம்மை என்றுதான் நினைத்தாள். லண்டன் ஹரோவில் வளரும் போதனா சிவானந்தனும் அப்படித்தான். பெற்றோர் திருச்சிக்காரர். கொரோனா முடக்க காலத்தில் அப்பாவின் நண்பர் ஒருவர் நாடு திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போன பைக்குள் செஸ் செட் ஒன்று கிடந்தது. ஐந்து வயதுப் பிள்ளைக்கு அந்தக் காய்களை விளையாட்டுச் சாமானாக வைத்திருக்கத்தான் ஆசை. 2024இல், ஒன்பது வயதில், அதே புடாபெஸ்ட்டில் நடந்த ஒலிம்பியாட்டில் இங்கிலாந்துக்காக ஆடினாள். 2025 ஓகஸ்டில் லிவர்பூலில், பத்து வயதில், கிராண்ட்மாஸ்டர் பீட்டர் வெல்ஸை வென்றாள். என் மருமகள் அங்கே போவாள் என்று நான் கனவு காணவில்லை. முதல் நாள் குதிரைகளை ஓடவிட்டதற்காக அவளிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டேன், அவ்வளவுதான்.

ஆறு மாதம் கழித்து மிஷலின் சீயின் பரிசோதனையை வீட்டிலேயே செய்து பார்த்தோம். இதை விஞ்ஞானம் என்று எவரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு பேத்தி, ஒரு அம்மம்மா, ஒரு ஞாயிறு. கரண்ட் பில்லிலிருந்து இலக்கங்களை வாசித்தேன். அம்மம்மா ஏழு இலக்கம் வரை பிசகாமல் சொன்னார். பேத்தி நான்கோடு நின்றாள். அடுத்தது, அண்ணனும் தங்கையும் பாதியில் விட்டிருந்த ஆட்டம். பத்து செக்கன் காட்டிவிட்டு வீரகேசரியை விரித்து மூடினேன். பக்கத்தில் வெறும் பலகை. அம்மம்மா மூன்று காய் வைத்துவிட்டு, "எனக்கு இதெல்லாம் ஏலாது" என்று எழும்பப் பார்த்தார். பேத்தி ஒன்பது வைத்தாள். சிப்பாய்களை ஒவ்வொன்றாக வைக்கவில்லை, சங்கிலியாக, கடகடவென்று வைத்தாள்.

கடைசியாக, காய்களைக் கண்டபடி கொட்டி அடுக்கினேன். எங்கே எது என்று பார்க்காமல், கைக்கு வந்ததை வந்த இடத்தில். பத்து செக்கன். மூடப் போனேன். அவள் வீரகேசரியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"மாமா, இது பிழை."

"என்ன பிழை?"

கறுப்பின் கடைசி வரிசையை, ராணியின் பக்கத்துக் கட்டத்தைக் காட்டினாள். கரம் காய் அங்கே கிடந்தது. நானும் பார்க்கவில்லை, அம்மம்மாவும் பார்க்கவில்லை.

"சிப்பாய் ரெண்டாம் வரிசையிலதானே துவங்கும். பின்னுக்கும் போகேலாது. அப்ப இது எப்பிடி இங்க வந்தது?"